மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம்

ரெஹாத் தேசாய் இயக்கிய 'எவ்ரிதிங் மஸ்ட் ஃபால்' (2018) ஆவணப்படத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. மறைக்க என்ன இருக்கிறது? ஜொஹானஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம், எல்லோரும் சுருக்கமாகச் சொல்வதுபோல் விட்ஸ். வாசலை மறித்து உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். பாட்டு, கைத்தட்டு, ரப்பர் குண்டு, மறுபடியும் பாட்டு. மெரினாவில் செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்த தலைமுறை நாம். கூட்டம் ஒன்று சேர்ந்து பாடினாலே நமக்குத் தொண்டை அடைத்துவிடும்.

இரண்டாம் முறை நண்பர்களோடு பார்த்தேன். படம் முடிந்ததும் இரண்டு மணி நேரம் பேசினோம். துணைவேந்தர் ஆடம் ஹபீப் வில்லனா, இல்லை சூழ்நிலைக் கைதியா என்பதுதான் மொத்தப் பேச்சும். மூன்றாம் முறை தனியாகப் பார்த்தபோதுதான் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்தது. வகுப்பு நடக்காத அந்த வாரங்களில் பாடாதவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? விடுதியை விட்டுப் போகச் சொன்னால் போக இடம் இல்லாதவர்கள், கேன்டீனில் தட்டுக் கழுவுகிறவர்கள், அந்த வருடம் முடித்தே ஆகவேண்டியவர்கள். கேமரா கூட்டத்தோடு ஓடுகிறது. நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஓட முடியாதவர்களிடம் அது அதிக நேரம் நிற்பதில்லை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2015 அக்டோபரில் விட்ஸ் நிர்வாகம் அடுத்த ஆண்டுக் கட்டணத்தை 10.5 சதவீதம் உயர்த்துவதாக அறிவித்தது. 14ஆம் தேதி மாணவர்கள் வாசலை மறித்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. 23ஆம் தேதி பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்தின் முன் பெருங்கூட்டம் காத்திருக்க, 2016க்குக் கட்டண உயர்வே கிடையாது என்று அதிபர் ஜேகப் ஜூமா அறிவித்தார். ஒன்பதே நாள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் 8 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ளலாம் என்று அமைச்சர் சொல்ல, இரண்டாவது சுற்று தொடங்கியது. இம்முறை கோரிக்கை இலவசக் கல்வி. முதல் சுற்றின் ஒற்றுமை இதில் இல்லை. தீ இருந்தது, போலீஸ் இருந்தது, வாரக்கணக்கில் நின்றுபோன வகுப்புகள் இருந்தன. படத்தின் உயிர் இந்த இரண்டாம் சுற்றில்தான்.

ஹபீப் இதைப்பற்றி 2019இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்: 'ரெபெல்ஸ் அண்ட் ரேஜ்'. 1980களில் நிறவெறி அரசை எதிர்த்த மாணவச் செயற்பாட்டாளர் அவர். 2015இல் மாணவர்கள் நடுவே தரையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதில் சொன்னவர். மறுவருடம் வளாகத்துக்குள் போலீசை வரவைத்தவரும் அவரே. படத்தையும் புத்தகத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். இரண்டு தரப்பும் சண்டை போடுவது ஒரே ஆளின் பெயரால். ஏழை மாணவி. 'பல்கலைக்கழகத்தை மூடினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேறெங்காவது போய்ப் படித்துக்கொள்ளும், ஏழை மாணவிக்குத்தான் வருடம் போகும், வருடத்தோடு உதவித்தொகையும் போகும்' என்பது ஹபீபின் கட்சி. 'வாசல் திறந்திருந்தாலும் கட்டணம் கட்ட முடியாமல் ஏழை மாணவி ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறாள், அவளுக்கு எப்போதும் மூடிய கேட்தான்' என்பது மாணவர்களின் கட்சி.

இரண்டும் உண்மை. அதுதான் சங்கடம். அரசின் கல்வி நிதி அன்றைக்கு ஆண்டு வருமானம் 1,22,000 ராண்டுக்குள் இருந்த குடும்பங்களுக்குத்தான். அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் உதவியும் கிடையாது, கட்டவும் முடியாது. செவிலியர், ஆசிரியர், போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இந்த இடைவெளியில் விழுந்தார்கள். மாணவர்கள் கற்பனையாகக் கத்தவில்லை. ஹபீபும் வெறும் சாக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் புத்தகத்தில் அந்த மாணவி ஒரு வாதமாக மட்டுமே வருகிறாள். போலீசை ஏன் அழைத்தேன் என்று விளக்கும்போதெல்லாம் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள், வாய் திறப்பதற்கு முன் இறக்கிவிடப்படுகிறாள். படத்திலோ அவள் கூட்டத்தில் கரைந்துபோகிறாள். கூட்டம் பேசினால் அவளும் பேசினாள் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

2013 மார்ச். ஈழப் பிரச்சினைக்காகச் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் தொடங்கி, அது தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. நான் அப்போது கோவையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாங்களும் உட்கார்ந்தோம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மைக்கைப் பிடித்தேன். இரண்டாவது வாரம் கல்லூரிகளைக் காலவரையின்றி மூடச் சொல்லி அரசு உத்தரவு வந்தது. எங்களுக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. "பயந்துட்டாங்கடா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம். சாயங்காலம் விடுதியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மறுநாள் மதியத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், மெஸ் இயங்காது.

விடுதியைக் காலி செய்தால் போராட்டம் கலையும் என்பது ஒவ்வொரு அரசுக்கும் தெரிந்த கணக்கு. உட்கார்ந்திருப்பவனுக்கு ராத்திரி படுக்க இடமும் காலையில் சோறும் இல்லையென்றால் எத்தனை நாள் உட்காருவான்? கல்லூரியை நாங்கள் மூடவில்லை, எங்களை அனுப்ப அவர்கள் மூடினார்கள். இது புரிய எனக்கு ரொம்ப நாளானது.

அன்று ராத்திரி மெஸ்ஸில் காய் நறுக்குகிற அக்கா பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, நாளையிலிருந்து அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்களாமா?" என்றார். ஆமாங்கா என்றேன். "எத்தன நாளைக்கு?" தெரியலீங்க்கா. அவர் நாள் கூலி. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மிச்சமிருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். என் அறை நண்பன் பர்கூர் மலைக்காரன். அந்தியூர் போய் அங்கிருந்து மலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குப் போனால் திரும்பி வரக் காசு கேட்க வேண்டியிருக்கும் என்று போகாமல், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனான். கல்லூரி திறந்தபோது அட்வான்ஸ் வாங்கியிருந்ததால் உடனே வர முடியவில்லை. அந்த செமஸ்டரில் மூன்று அரியர். எங்கள் வகுப்பில் ஒரு பெண், போராட்டப் பந்தலில் எனக்கு அடுத்து மைக் பிடித்தவள், என்னைவிட நன்றாகப் பேசியவள். வீட்டுக்குப் போனவளுக்கு அந்த விடுமுறையில் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். "வீட்ல சும்மாதான இருக்கா" என்பதுதான் காரணமாம். பரீட்சை எழுத மட்டும் வந்தாள், மாமியார் கூட. மூன்றாம் ஆண்டுக்கு வரவில்லை.

ஈழத்துக்காக உட்கார்ந்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. யாராவது இதை வைத்து 'பாத்தியா, போராட்டம்னா இப்படித்தான்' என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். அவளை வீட்டுக்கு அனுப்பியது பந்தல் இல்லை, நோட்டீஸ். ஆனால் நான் அந்த மாதம் ஒரு கவிதை எழுதினேன், நீளமானது, முகநூலில் நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அதில் கடல் இருந்தது, குருதி இருந்தது, எழும் கைகள் இருந்தன. பின்கட்டு இல்லை. பர்கூர் பஸ் இல்லை. அவள் இல்லை. ஆகவே தேசாயின் படத்தில் எனக்குக் குறையாகப் படுவது முதலில் என் கவிதையின் குறை.

தேசாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் விட்ஸைத் தேர்ந்தெடுத்தார். விட்ஸ், கேப் டவுன் இரண்டும் அந்த நாட்டின் பழைய, பணக்கார, உலகம் அறிந்த பல்கலைக்கழகங்கள். ஆனால் கட்டணத்துக்காகவும் உதவித்தொகை வராததற்காகவும் விடுதி இடத்துக்காகவும் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஃபோர்ட் ஹேர் மாதிரியான இடங்களில் கறுப்பின மாணவர்கள் 2015க்கு முன்பே வருடாவருடம் போராடிக்கொண்டிருந்தார்கள். அங்கும் கண்ணீர்ப்புகை போட்டார்கள், மூடினார்கள், திறந்தார்கள். அதற்கு யாரும் ஹேஷ்டேக் வைக்கவில்லை. அது செய்தியில் 'மாணவர் கலவரம்'. விட்ஸில் நடந்தபோதுதான் அது 'இயக்கம்' ஆனது. நம்மூரிலும் ஆதிதிராவிடர் நல விடுதிப் பையன்கள் சோறு சரியில்லை என்று தட்டோடு ரோட்டில் உட்கார்ந்தால் அது உள்ளூர்ப் பதிப்பில் ஏழாம் பக்கத்துப் பெட்டிச் செய்திதானே.

இந்தத் தேர்வினால் படத்திலிருந்து என்ன விழுந்துவிடுகிறது என்று பாருங்கள். 2016 பிப்ரவரியில் வடமேற்குப் பல்கலைக்கழகத்தின் மாஃபிகெங் வளாகத்தில் கட்டடங்கள் எரிந்தன. வளாகம் காலவரையின்றி மூடப்பட்டது, மாணவர்கள் விடுதியை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டார்கள். மூட்டை முடிச்சோடு ரோட்டுக்கு வந்தார்கள். மாஃபிகெங் ஜொஹானஸ்பர்க் இல்லை, சர்வதேசக் கேமராக்கள் வாசலில் காத்திருக்கும் ஊர் இல்லை. மூடல் என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டக்கூடியது அந்தப் பெட்டியும் போர்வையும்தான். விட்ஸில் 2016 அக்டோபரில் நடந்ததோ நேர்மாறு: எப்பாடுபட்டாவது திறந்துவைப்பது. அதனால் படம் முழுக்க 'திற', 'மூடு' என்ற இரண்டு கட்சிகளின் மோதலாகவே அமைந்துவிட்டது.

திறந்துவைத்ததால் எளியவர்கள் தப்பித்தார்களா? விடுதி மாணவர்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் ஊரடங்கு வந்தது. நூலகத்தை நம்பிப் படிக்கிறவர், வெளியே பகுதிநேர வேலை பார்க்கிறவர், சொந்த வீடு நகரத்திலேயே இருக்கிறவர் என்று எல்லோருக்கும் அது ஒரே மாதிரியா விழும்? பல்கலைக்கழகத்தை ஒட்டிய பிராம்ஃபொன்டெயினில், மாணவர்கள் ஒதுங்கிய தேவாலயத்தின் வாசலில் நின்ற பாதிரியார் முகத்திலேயே ரப்பர் குண்டு பாய்ந்தது. மாணவர் தலைவர் ஷஈரா கல்லா முதுகில் சுடப்பட்டார். படம் இதையெல்லாம் சொல்கிறது. சொல்ல வேண்டும்.

ஆனால் அதே 2016 செப்டம்பரில் விட்ஸில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். விடுதியில் போராட்டக்காரர்கள் தீயணைப்பு சிலிண்டர்களைத் திறந்துவிட, அந்தப் புகையைச் சுவாசித்த பிறகு உடல்நிலை மோசமாகி இறந்தார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. இந்தச் சாவை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நிர்வாகத்துக்கு அது கையில் கிடைத்த ஆயுதம். இயக்கத்துக்கு அது நிர்வாகம் எடுத்துக்கொண்ட ஆயுதம். அந்த மனிதர் வேலைக்கு வந்த காலை, அவர் சுத்தம் செய்த தாழ்வாரம், இதைப் பற்றி ஒரு நல்ல சிறுகதைக்காரன் எழுதியிருந்தால் இரண்டு தரப்பும் தலைகுனிந்து படித்திருக்கும்.

இதில் கசப்பு என்னவென்றால், தொழிலாளிகள் விஷயத்தில்தான் இந்த இயக்கம் உலகின் பல மாணவர் இயக்கங்களைவிடப் பெரிய காரியம் செய்தது. கேப் டவுன் பல்கலைக்கழகம் 1999இல் துப்புரவு, தோட்டம், சமையல் வேலைகளை வெளிக் கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் விட்டது. விட்ஸ் மறுவருடம் அதையே செய்தது. அதே வேலை, அதே தாழ்வாரம், சம்பளம் மட்டும் சரிந்தது. அதைவிடக் கொடுமை, பல்கலைக்கழக ஊழியராக இருந்தவரை தங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த கட்டணச் சலுகையும் போய்விட்டது. பதினைந்து வருடம், யார் வகுப்பறையைக் கூட்டினார்களோ அவர்கள் பிள்ளைக்கு அந்த வகுப்பறையில் இடமில்லை. 2015இல் மாணவர்கள் கட்டணக் குறைப்போடு 'இவர்களைத் திரும்ப ஊழியராக எடு' என்பதையும் சேர்த்துக் கேட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் கேப் டவுன் ஒத்துக்கொண்டது, விட்ஸும் பின்னாலேயே வந்தது. கட்டண உயர்வை நிறுத்தியதைவிட இதுதான் பெரிய வெற்றி என்பது என் கட்சி. எங்கள் பந்தலில் நாங்கள் மெஸ் அக்காவின் கூலியைப் பற்றி ஒரு வரி பேசியிருந்தால்கூட இன்று கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

தேசாயின் படம் தொழிலாளிகளைத் தொடும் இடங்களில் நிதானமாகிறது. அவருடைய முந்தைய படம் 'மைனர்ஸ் ஷாட் டவுன்', மரிக்கானாவில் 2012இல் சுரங்கத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக்கொன்றதைப் பற்றியது. உழைப்பவர்களின் முகத்தருகே பொறுமையாக நிற்கத் தெரிந்த இயக்குநர் அவர். அதனால்தான் ஆதங்கம். இந்தப் படத்தில் அந்தப் பொறுமையைப் பாதியில் விட்டுவிட்டுக் கூட்டத்தின் பின்னால் ஓடிவிடுகிறார்.

கேப் டவுனில் இன்னொரு மாதிரி மூடல் நடந்தது. 2016இல் வகுப்புகள் நின்றபோது மீதிப் பாடத்தை இணையம் வழியாக முடிக்கச் சொன்னார்கள். பரீட்சையை அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவைத்துக்கொள்ளவும் வழிவிட்டார்கள். கொரோனாவுக்கு நான்கு வருடம் முன்பே. லேப்டாப்பும் தனி அறையும் உள்ளவருக்கு இது நல்ல ஏற்பாடு. கிழக்குக் கேப்பின் ஒரு கிராமத்துக்குத் திரும்பி, டேட்டாவைக் காசு கொடுத்து மெகாபைட் கணக்கில் எண்ணிச் செலவழிக்கிறவருக்கு? சத்தமில்லாத மூடல் இது. பூட்டு இல்லை, நோட்டீஸ் இல்லை, எரிந்த டயர் இல்லை. படமெடுக்க எதுவுமே இல்லை. இதை எழுத்தாளன்தான் எழுத முடியும்.

எழுதியவர்களும் உண்டு. 'தி ஃபால்' என்ற நாடகம் என்னை ஓரளவு ஆற்றியது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து வெளிவந்த ஏழு பேர் சேர்ந்து உருவாக்கியது. பாக்ஸ்டர் அரங்கில் தொடங்கி எடின்பரோ, லண்டன் வரை போனது. 2015 ஏப்ரலில் செசில் ரோட்ஸ் சிலையை அகற்றியதிலிருந்து ஆரம்பிக்கிறது. இதன் பலம், இது பெரும்பாலும் கூட்டங்களில் நடக்கிறது. மைக் பிடிக்கிற கூட்டம் இல்லை, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பேசும் கூட்டம். யார் பேசலாம், யார் பேச்சை யார் வெட்டுகிறார்கள், பெண்கள் கைதாகிறார்கள் ஆனால் பத்திரிகையில் பேர் யாருடையது, திருநர்களுக்கு இந்த 'நாம்'-இல் இடம் உண்டா என்று அடித்துக்கொள்கிறார்கள். இயக்கத்தைக் காதலிக்கிறவர்கள் இயக்கத்தின் முன் கண்ணாடியை வைக்கிறார்கள். எதிரியின் கையில் ஆயுதம் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் அந்த எழுத்தில் இல்லை. தமிழில் நாம் எழுதிய போராட்டக் கதைகளில் கதவைச் சாத்திய கூட்டம் எத்தனை வந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். விரல் மடக்குவதற்குள் நின்றுவிட்டது.

நாடகத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டிய சம்பவம் ஒன்று. 2016 பிப்ரவரியில் விடுதி இடம் கிடைக்காத மாணவர்களுக்காகக் கேப் டவுன் வளாகத்தின் நடுவே தகரக் குடிசை ஒன்றைக் கட்டினார்கள். ஷாக்வில் என்று பெயர் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் கம்பீரமான கல்தூண்களுக்கு எதிரே ஒரு சேரிக்குடிசை. இதைவிடக் கச்சிதமான உருவகத்தை எந்தக் கலைஞன் யோசித்துவிட முடியும்? நிர்வாகம் இடித்தது. அந்தக் கொந்தளிப்பில் பக்கத்துக் கட்டடங்களிலிருந்து ஓவியங்களை எடுத்துவந்து குவித்து எரித்தார்கள். வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களின் உருவப்படங்கள் அதில் இருந்தன. கெரெசெமோசே ரிச்சர்ட் பஹோலோவின் ஓவியங்களும் இருந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தில் நுண்கலையில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர்.

குடிசையை இடித்த நிர்வாகத்தைத் திட்டுகிறவர்கள் பஹோலோவைப் பற்றிப் பேசுவதில்லை. பஹோலோவுக்காக அழுகிறவர்கள் குடிசை எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் தாண்டிப்போகிறார்கள். அந்தக் காலையில் மலையடிவாரத்தில் நின்று கொண்டிருந்த, படுக்க இடமில்லாத முதலாண்டு மாணவருக்குத் தகரமும் போய்விட்டது. ஓவியமும் போய்விட்டது. அந்த ஓவியம் அவருக்கு முன் அதே வளாகத்துக்குள் நுழைந்த ஒருவர் வரைந்தது என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா? இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கிற படைப்பைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். தேசாயின் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு குறை சொல்லுமளவுக்கு அதை மூன்று முறை பார்த்ததே அதற்காகத்தான்.

2017 டிசம்பரில் ஜூமா, பதவியின் கடைசிக் கட்டத்தில், ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டு வரையுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி என்று அறிவித்தார். நடுவில் விழுந்துகிடந்தவர்களில் பெரும்பகுதி உள்ளே வந்தார்கள். கேட்டவர்களில் பலருக்கு அது கிடைக்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. பெரும்பாலான மாணவர் போராட்டங்களின் கதை இதுதான்.

படத்தைப் பர்கூர் நண்பனுக்கு அனுப்பியிருந்தேன். இப்போது அந்தியூரில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறான், டிகிரியை அரியர் எழுதி முடித்துவிட்டான். பாதி பார்த்துவிட்டு போன் செய்தான். போலீஸ் அடிப்பதைப் பற்றியோ ஹபீபைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. "ஏண்டா, இவங்களுக்கு மெஸ் யார் போட்டாங்க?" என்றான்.